பகடிவதையும் ஆசிரியர் அறையின் மௌனமும்

மாணவர் பாதுகாப்பைப் பற்றி ஜொகூரில் பேசக் கூடியிருக்கும் இவ்வவை, ஆணுக்கு இன்ன நடை, பெண்ணுக்கு இன்ன பேச்சு என்னும் வழக்கத்துக்குள் அடங்காத பிள்ளைகளையும், தம் பாலினத்தார்மீது ஈர்ப்புக்கொள்ளும் தன்பாலீர்ப்பினரையும், இரு பாலினத்தார்மீதும் ஈர்ப்புக்கொள்ளும் இருபாலீர்ப்பினரையும் அந்தப் பாதுகாப்புக்கு உரியவர்களாக எண்ணியாக வேண்டும்.

2017 ஜூன் மாதம் பினாங்கில் கொடூரமாகத் தாக்கப்பட்டு மருத்துவமனையில் உயிர்நீத்த பதினெட்டு வயது நவீன், பெண்மை கலந்தவன் என்று பள்ளிக்காலத்திலேயே கேலிக்கு ஆளானவர் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அந்தக் கேலி உண்மையில் எந்த ஈர்ப்பைக் குறித்தது என்பது கேள்வியே அல்ல. பெண்மை கலந்த ஆணை இழித்துரைக்கும் 'பொண்டான்' என்ற ஒரு சொல்லைச் சிரித்துக் கடந்துபோகும் வகுப்பறையில்தான் பகடிவதை வேர்பிடிக்கிறது. ஆனால் கல்வித்துறை கவலைகொண்டது வேறொன்றைப் பற்றி: 2011இல் திரெங்கானு மாநிலக் கல்வித்துறை, பெண்மை தென்படுவதாகக் கருதிய 66 மாணவர்களைப் பெசுட்டில் நடந்த முகாமுக்கு அனுப்பியது. ஜொகூர் அரசும் பின்னர் தன்பாலீர்ப்பினர் உள்ளிட்டோருக்கென மறுவாழ்வு மையம் ஒன்றைத் திட்டமிட்டது. தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் நீக்கியதோ 1990இல்.

தமிழகத்திலிருந்து கற்கத்தக்க ஒன்று உண்டு. 2021இல் தன்பாலீர்ப்பு தொடர்பான வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பெழுதினார். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும் தடைசெய்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்கும் அந்தப் பண்பு, ஆசிரியருக்கே முதலில் உரியது.

இருபாலீர்ப்புடைய ஆசிரியரின் துயரம் அதிகம் பேசப்படுவதில்லை. மணமாகிக் குடும்பத்தோடு வாழும் அவரைக் காண்போர் வேறெதையும் நினைப்பதில்லையாதலால், ஆசிரியர் அறையில் எழும் இழிசொற்களை முகம் மாறாமல் கேட்டிருக்கும் நிலை அவருக்கு நாள்தோறும் நேர்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள், ஈர்ப்பையன்றிக் குறிப்பிட்ட உடலுறவுச் செயல்களையே குற்றமாக்கினாலும், இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமளிக்கும் நாட்டில், அவர் தம்மை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. உடன் பணிபுரிவோர் அந்த இழிசொற்களை நிறுத்துவது ஒன்றே அவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் ஏற்பு. அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அவ்வாறே, கேலிசெய்யும் மாணவனைக் கட்டொழுங்கு ஆசிரியர் அன்றே அழைத்துக் கண்டிக்கவும், நம்பித் தன் நிலையைச் சொல்லும் பிள்ளையின் சொல்லை, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி, அப்பிள்ளையின் இசைவின்றிப் பெற்றோரிடமும் கொண்டுசெல்லாதிருக்கவும் இன்றே முடியும்.