கூலி கொடுத்தது யார்?



களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் யாருடையது என்று பார்க்கிறோம். வைத்திய ஆராய்ச்சியிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: பணம் கொடுத்தது யார்?

1965-ல் அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் ஆராய்ச்சி ஸ்தாபனம், ஹார்வர்டு சர்வகலாசாலை விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் தர ஏற்பாடு செய்தது. இருதய நோய்க்குக் காரணம் சர்க்கரையா, கொழுப்பா என்று அலசி எழுதுவதுதான் வேலை. நகல் முதலில் பணம் கொடுத்தவர் கைக்குப் போயிற்று. 1967-ல் பிரபல வைத்தியப் பத்திரிகையான 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அதை வெளியிட்டது. பழி கொழுப்பின் மேல் விழுந்தது, சர்க்கரை தப்பியது. மற்ற உதவிகளைக் குறிப்பிட்ட கட்டுரை, சர்க்கரைப் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை!

2016-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையினர் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து இதை அம்பலப்படுத்தினர். அதற்குள் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

அன்று அப்படிச் சொல்லவேண்டும் என்ற விதி அந்தப் பத்திரிகையில் இல்லை, 1984-ல்தான் வந்தது. இன்றோ பணம் தந்தவர் யார், எழுதியவர் எங்கே வேலை பார்க்கிறார், பணம் தந்தவருக்கு ஆராய்ச்சியில் என்ன பங்கு, மூன்றையும் எழுதவேண்டும் என்று முக்கிய வைத்தியப் பத்திரிகைகள் கேட்கின்றன.

பணம் வாங்கி எழுதியதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுதினால் நாம் எடை போட்டுப் பார்க்கலாம். மறைத்தால் எப்படிப் பார்ப்பது?

பஞ்சுத் தூசி நெஞ்சுக்குக் கெடுதியில்லை, பூச்சி மருந்தால் ஆபத்தில்லை என்று நாளை யாராவது ஓர் அறிக்கையை நீட்டினால், தோழர்களே, முதலில் கேளுங்கள்: இதற்குக் கூலி கொடுத்தது யார்?