எடுத்து வைத்த பங்கு

(பழைய மாணவியர் சங்கக் கொழும்புக் கிளையின் பொங்கல் ஒன்றுகூடலில், பாமன்கடையில் ஆற்றிய உரை)



கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். அதைப் பேச எங்களிலும் மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகு நடந்ததை நாங்கள் பேசுகிறோம். வீட்டை விட்டுத் தொலைவில் இருந்த ஆண்டுகளில் நல்லநாள் பெருநாளை எப்படிக் கழித்தோம் என்ற கதை இது. இங்கிருந்து ஐந்து நிமிட நடையில் நடந்த கதையுங்கூட.

நாங்கள் நால்வர். ஒரே வகுப்பு. மீசாலை, கோண்டாவில், அச்சுவேலி, மானிப்பாய் என்று ஆளுக்கோர் ஊர். அந்த ஊர்ப் பெயர்களாலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டோம். யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திவிட்டது. ஆனையிறவுப் பாதையும் அடைபட்டது. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் வரிசையில் நின்று, படிப்புக்கும் வேலைக்குமாகக் கொழும்பு வந்து சேர்ந்தோம். பாமன்கடையில் ஒரு சிங்கள அன்ரியின் வீட்டுப் பின்பக்கத்து அனெக்ஸ் கிடைத்தது. ஒரு அறை, ஒரு குளியலறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பொலிஸ் பதிவுத் தாளை நான்காக மடித்து அடையாள அட்டையோடு வைத்திருந்தோம்.

முதல் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பே எழவில்லை. போய் வரவே இரண்டு கிழமை வேண்டும். போனால் திரும்ப முடியுமா என்பதும் தெரியாது. விடிய நாலு மணிக்கு எழும்பி, ஒரே குளியலறையில் முறை வைத்து நல்லெண்ணெய் தேய்த்து முழுகினோம். மயூரபதி அம்மன் கோவிலுக்கு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்து சமைத்தோம். எங்கள் ஊர்களில் தீபாவளிக்குப் பங்கு இறைச்சி எடுப்பது உங்களுக்குத் தெரியும். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, கூறு போட்டுப் பிரிப்பார்கள். நாங்களும் ஒரு கிலோ வாங்கி நான்கு கூறாகப் பிரித்தோம். பிரித்த பிறகுதான் ஒரே சட்டியில் போடப் போகிறோம் என்பது ஞாபகம் வந்தது. கோண்டாவில் சைவம். அவளுடைய பங்குக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தோம். வெடி கொளுத்தவில்லை. அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

பிறகு பழகிவிட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு அன்ரி கிரிபத்தும் கொக்கீஸும் அனுப்புவா. நோன்புப் பெருநாளுக்கு முன்வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். நத்தாருக்கு மானிப்பாயோடு நாங்கள் மூவரும் சென் லோறன்ஸ் தேவாலயத்துக்குப் போய்ப் பின்வாங்கில் இருப்போம். ஒன்றுக்கு மூன்றாகப் பண்டிகை கொண்டாடுகிறோம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல.

இனி, நாங்கள் சொல்ல வந்த பொங்கல்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெளியேறியது. நாவற்குழிப் பாலத்தால் சனம் தென்மராட்சிக்குப் போனது என்று வானொலியில் கேட்டோம். எங்களில் மூன்று பேரின் பெற்றோர் அந்தச் சனத்துக்குள் எங்கே என்று தெரியவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. கடிதம் இல்லை. 1996 தைப்பொங்கல் வந்தது.

பொங்குவதா, விடுவதா? அச்சுவேலி பொங்கத்தான் வேண்டும் என்றாள். கோண்டாவில், அம்மா எந்த மரத்தடியில் இருக்கிறா என்று தெரியாமல் எனக்கு எதற்குப் பொங்கல் என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால் எவரும் அரிசி வாங்கவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அன்ரி எட்டிப் பார்த்தா. ஒவ்வொரு வருடமும் இந்நேரம் மாவிலை பிடுங்கக் கேட்பீர்களே, ஏன் கேட்கவில்லை என்றா. நாங்கள் சொன்னோம். அவ ஒன்றும் பேசாமல் போய்விட்டா. விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் வைத்திருக்கிறா. காய்ந்த பொச்சுமட்டை குவித்திருக்கிறா. பச்சையரிசிக்குப் பதிலாக வீட்டிலிருந்த சம்பா அரிசி ஒரு சுண்டு. ஏழு மணிக்குக் கார் வெளியே போக வேண்டும், அதற்குள் முடியுங்கள் என்று மட்டும் சொன்னா.

முடித்தோம். கோலம் கோணல். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்க்க விடாமல் புகை மூடிவிட்டது. சம்பா அரிசிப் பொங்கல் களியாகத்தான் வந்தது. கோண்டாவில் வெளியே வரவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். நாங்கள் கூப்பிடவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அவளுடைய பங்கை ஒரு கோப்பையில் போட்டு, மற்றக் கோப்பையால் மூடி, ஜன்னல் கட்டில் வைத்தோம். இரவு பத்து மணிக்கு மேல் விளக்குப் போடாமல் எழும்பி, நின்றபடியே சாப்பிட்டாள். நித்திரை போலக் கிடந்தோம். விடியக் கோப்பை கழுவி வைத்திருந்தது. அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் அவளோடு பேசியதில்லை. இன்றுதான் முதன்முதலாக, அவளுடைய அனுமதியோடு, சொல்கிறோம்.

அந்த மாதம் 31ஆந் திகதி மத்திய வங்கிக் குண்டு வெடித்தது. பிறகு வெளியே போகவே பயம். மாசியில், பலர் கைமாறி ஒரு கடிதம் வந்தது, மீசாலை வீட்டிலிருந்து. அவர்கள் வீட்டு விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் மற்ற மூன்று குடும்பங்களும் இருக்கின்றன என்றிருந்தது. கல்லூரி விழாக்களில் ஒருவரையொருவர் கண்ட பழக்கத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோண்டாவில் அம்மா அடியில் இரண்டு வரி எழுதியிருந்தா. நாங்கள் இந்த முறை பொங்கவில்லை, நீங்கள் பொங்கியிருப்பீர்கள் என்று நினைத்தே அன்று ஆறுதலாக இருந்தோம் என்று. நாங்கள் அழுதது அன்றைக்குத்தான்.

அன்பானவர்களே, பழங்கதை சொல்லிக் கண்ணீர் வரவழைக்க நாங்கள் மேடை ஏறவில்லை. இப்போது பாதை திறந்திருக்கிறது. 2014 இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய ஊர். ஆனாலும் எல்லோரும் போவதில்லை. பொங்கலன்றும் கடமையில் நிற்கும் தாதிமார், கடையில் ஒரே ஒரு நாள் லீவு கிடைத்த மலையகத்துப் பிள்ளைகள், சோதனைக்குப் படிக்கும் மாணவிகள் இந்த ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அது நாங்கள்தான். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் சிட்னியிலும் பிள்ளைகள். வெள்ளவத்தை பிளாட்டில் நாங்கள். அங்கே பொங்கல் வேலைநாளில் வந்தால் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கிறார்கள். குறை சொல்ல மாட்டோம். கார் போகுமுன் பொங்கியவர்கள் நாங்கள். ஆனால் தொலைபேசியில் பேரப்பிள்ளை முகம் பார்த்து வைத்த பிறகு, ஒரு ஆளுக்குப் பொங்குவதா என்று அரிசிப் பேணியை மூடி வைத்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை உயர்த்தச் சொல்ல மாட்டோம். உயர்த்த மாட்டீர்கள் என்பதும் தெரியும். அன்று பிள்ளைகளாகத் தனித்திருந்தோம், இன்று தாய்மாராகத் தனித்திருக்கிறோம்.

அந்த அனெக்ஸில் நாங்கள் படித்த சில பாடங்களைச் சொல்கிறோம். நேரம் கிடைத்தால் வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எவரும் வருவதில்லை. எட்டு மணிக்கு வாருங்கள், வரும்போது வாழையிலை கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் விருந்தாளி என்ற கூச்சம் போய்விடும். இலையில் இருக்கும்போது வீட்டார் சுகம் விசாரிக்காதீர்கள், அதைப் பிறகு கேட்கலாம். வராதவரைக் கோபிக்காமல் அவருடைய பங்கை மூடி வையுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தனியாக இருப்பவர்கள், வீட்டில் இடம் உள்ளவர்கள் என்று அதில் இரண்டு பிரிவு இல்லை. பெயர், ஒழுங்கை, சைவமா மச்சமா, அவ்வளவுதான். வரும் தீபாவளிக்கு யார் வீட்டில் யார் என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். நான் தனியாக இருக்கிறேன் என்று எவரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. தொலைவில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு கொப்பி வையுங்கள். பக்கத்து வீதியில் புதிதாக வந்து இறங்கிய ஒரு பிள்ளை எங்கள் கல்லூரிப் பிள்ளையாக இல்லாமலும் இருக்கலாம். அவளையும் எழுதுங்கள்.

முதல் பெயரைக் கோண்டாவில் ஏற்கெனவே எழுதிவிட்டாள்.