வீட்டு வேலைக்கும் பேர் உண்டு

(சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் ஹட்டனில் கூடிய மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கொழுந்து நிறை, அரைப்பேர், முழுப்பேர் என்றுதான் பேச்சு ஓடும். அதைப் பேசாத சங்கம் சங்கமே இல்லை. ஆனால் இன்றைக்கு மாதர் குழுவில் நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு, வீட்டைப் பற்றிப் பேசுவது என்பது. நம் காம்பராவுக்குள்ளே, இஸ்தோப்பிலே, பீலிக்கரையிலே நடக்கிற வேலையைப் பற்றியும், இந்தச் சித்திரையில் குடும்பமாக உட்கார்ந்து நாமே செய்து பார்க்கக்கூடிய மூன்று சின்ன வேலைகளைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறோம்.

பாடப் புத்தகத்தில் வசந்தகாலம் என்று படிக்கிறோம். நமக்கு அது எப்போது வருகிறது என்று புத்தகம் பார்க்கத் தேவையில்லை. தை, மாசிப் பனியில் கருகிய கொழுந்து, பங்குனிக் கடைசியில் பின்னேர இடியோடு விழும் மழைக்குத் துளிர்க்கிறது. மாசியில் காமன் கம்பம் ஊன்றி, கூத்து ஆடி, காமனை எரித்து முடிக்கிறோம். அந்தக் காமன் கூத்தே வசந்தகாலத்துக் கூத்துதான். ஹட்டன் டவுன் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களால் நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு வருகிறது. அதற்குப் பிறகு சித்திரை.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அழகான காலம். நமக்கோ கொழுந்து அதிகம் வருகிற காலம். மலையில் கை ஓயாது. அதே நேரத்தில் புத்தாண்டு என்று வீட்டில் வெள்ளையடிக்க வேண்டும், தரை மெழுக வேண்டும், போர்வை துவைக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும். மலை வேலையும் கூடுகிறது, வீட்டு வேலையும் கூடுகிறது. இரண்டும் கூடுவது ஒரே ஆளுக்குத்தான். அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாங்கள் ஒரு காரியம் செய்து பார்த்தோம். குழுவில் சில வீடுகளில், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் எழுதி ஒட்டினோம். விறகு கொண்டுவந்தால் ஒரு கோடு. தண்ணீர் தூக்கினால் ஒரு கோடு. ரொட்டி சுட்டால், சம்பல் அரைத்தால், பிள்ளையைப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோய் விட்டால், சட்டி கழுவினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மலையில் பெரட்டுக்குப் பேர் போடுவது மாதிரி வீட்டிலும் பேர் போட்டோம்.

ஒரு வீட்டில் முதல் நாள் இரவு அம்மாவின் பெயருக்கு நேராகப் பதினான்கு கோடு. அப்பாவுக்கு இரண்டு. அதில் ஒன்று ரேடியோவுக்கு பற்றரி மாற்றியதற்கு. அந்த அண்ணன் தாளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனார். யாரும் சண்டை போடவில்லை. தாள்தான் பேசியது.

மலையில் அரை நாள் வேலைக்கு அரைப்பேர் போட்டால் கொதிக்கிறோம், கேள்வி கேட்கிறோம். விடியக்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டி, இரவு பத்து மணிக்கு அடுப்பு அணைக்கிற வேலைக்கு வீட்டில் கால்பேர்கூடப் போடுவதில்லை. ஆண்களுக்குப் பல தோட்டங்களில் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. பெண்கள் கடைசி நிறுவை முடிந்து, வழியில் விறகுக் கட்டையும் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அண்ணன்மார்களே, இது குற்றச்சாட்டு இல்லை. கணக்கு. கணக்கைச் சரிபார்ப்பது சங்கத்து வேலைதானே?

இனி அந்த மூன்று வேலைகள். இவை தாய்மார்களுக்கு இன்னும் மூன்று சுமைகள் இல்லை. வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, மூட்டைத் தோட்டம். இதை அப்பாமார் முன்நின்று செய்யட்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று போதும். மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு ஒரு பங்கு, காய்ந்த சருகு ஒரு பங்கு எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். பெரிய பால்மா டின் ஒன்றில் அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, மூட்டையின் நடுவில் நிறுத்துங்கள். டின்னுக்குள் சின்னக் கல்லும், டின்னைச் சுற்றி மண்ணும் போடுங்கள். மண் உயர உயர டின்னை மேலே இழுத்து மறுபடியும் கல் போடுங்கள். கடைசியில் டின்னை எடுத்துவிட்டால் மூட்டைக்கு நடுவில் கல்தூண் ஒன்று நிற்கும். ஊற்றுகிற தண்ணீர் அதன் வழியாக அடிமட்டும் போகும். பிறகு மூட்டையின் பக்கங்களில் அங்கங்கே கீறி, கீரைக் கன்றுகளை நடுங்கள். மேலே மிளகாயோ தக்காளியோ நடலாம். அரிசி கழுவிய தண்ணீரும் தேத்தண்ணிச் சக்கையும் வீணாகாது.

முள்ளங்கிக்கும் போஞ்சிக்கும் தனி மூட்டை வையுங்கள். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் பிடுங்கலாம். போஞ்சி இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். சித்திரையில் நட்டால் பின்னேர மழை கன்றைப் பிடித்துக்கொள்ளும். வைகாசிக் கடைசியில் பெருமழையும் காற்றும் தொடங்கும் முன்னே கீரையாவது அடுப்பில் ஏறிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புல்லுக்கு மருந்து வந்த கேன், பூச்சிக்கு மருந்து வந்த போத்தல் எதிலும் மரக்கறி நடாதீர்கள், தண்ணீரும் பிடித்து வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. பிள்ளைகளின் கையிலும் அதைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, சேலை விரிப்பு. இது அப்பாயி, அம்மாயிமார் தலைமையில் நடக்க வேண்டியது. கிழிந்த சேலையை மூன்று விரல் அகலத்தில் நீள நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மூன்று நிறத்தில் மூன்று துண்டை எடுத்து, தலைமுடி பின்னுவது போலப் பின்னுங்கள். துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டைத் தைத்து நீட்டிக்கொண்டே போங்கள். பின்னிய கயிற்றை நடுவில் இருந்து வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஊசியால் தைத்தால் கால்மிதி ஆகிவிடும். இன்னும் பெரிதாகச் சுற்றினால் பிள்ளை உட்கார்ந்து படிக்கிற விரிப்பு. சிமெந்துத் தரையின் குளிர் நம் பிள்ளைகளின் காலில் எப்படி ஏறும் என்று நமக்குத் தெரியும். பின்னுவதற்குப் பையன்களையும் உட்கார வையுங்கள். பின்னும்போது அப்பாயியைப் பேசவிடுங்கள். எந்தச் சேலை எந்தத் திருவிழாவுக்கு எடுத்தது, எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த மலையில் முதல் கொழுந்து பறித்தார் என்று அவர் சொல்லுவார். ரீவியில் வராத கதை அது.

மூன்றாவது, பத்திர டின். இது பிள்ளைகள் பொறுப்பு. பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். பிள்ளைகள் வெளிப்பக்கத்தில் வர்ணத்தாள் ஒட்டி, புத்தாண்டு வாழ்த்து எழுதி அழகுபடுத்தட்டும். உள்ளே ஈரம் இழுப்பதற்கு ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள். பிறகு வீட்டில் உள்ள கடதாசிகளை ஒவ்வொன்றாக பொலித்தீன் உறையில் போட்டு அடுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இறந்தவர்களின் மரணச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, ஈ.பி.எப். கடதாசிகள், சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் கிளினிக் கார்ட். பெரிய பிள்ளை ஒரு கொப்பியில் எல்லோருடைய பெயரையும் பிறந்த திகதியையும் ஒவ்வொரு கடதாசியிலும் உள்ளபடியே எழுதட்டும். ஒன்றில் ‘லெட்சுமி’ என்றும் மற்றதில் ‘லச்சுமி’ என்றும் இருந்தால், அதை இப்போதே கண்டுபிடித்துச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓய்வு பெறும் வயதில் ஈ.பி.எப். எடுக்கப் போய், ஒரு எழுத்துக்காக அலைந்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒரு டின்னுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். கடதாசி இல்லாததால் நம் சனம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரஜாவுரிமை கேட்டவர்கள் இத்தனை வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள் அதற்குக் கடதாசிக்கு எங்கே போவார்கள்? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஒரே குடும்பம் இரண்டு கரையாகப் பிரிந்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம்! அதனால்தான் சொல்கிறோம், அந்த டின்னை அடுப்பு மேலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள். கதவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பிள்ளையை ஒரு கையிலும் டின்னை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

தோழர்களே, இந்த மூன்று வேலையையும் நாம் செய்யத் தொடங்கினால் ஒரு கேள்வி தானாக எழும். மூட்டையை எங்கே வைப்பது?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்றால் 120 சதுர அடி. அதில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். முன்னால் இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் இடம். நாம் கேட்கிற ஏழு பேர்ச் காணியோ ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடும் கட்டலாம், வீட்டைச் சுற்றி மரக்கறியும் போடலாம். இந்திய உதவியோடு மலையகத்தில் வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்ததை நம்மில் பலர் நேரில் நின்று கேட்டோம். வீடு கிடைத்த குடும்பத்தின் முற்றத்தில் கோவாவும் லீக்சும் நிற்பதைப் பார்க்கிறோம். கிடைக்காத குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றன.

நாளைக்கு யாராவது வந்து, “உங்களுக்குத்தான் வீட்டிலேயே மரக்கறி விளைகிறதே, பழைய துணியிலேயே விரிப்பு வருகிறதே, அப்புறம் எதற்குச் சம்பள உயர்வு?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? மூட்டையில் விளைகிற கீரை கறிக்கு ஒத்தாசை, சம்பளத்துக்கு மாற்று அல்ல என்று சொல்வோம். நம் கையால் செய்வது நம் குடும்பத்தின் சந்தோசத்துக்கு. அதைக் கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் யாரும் வரவு வைக்க வேண்டாம்.

காணி என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்றபோது, 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிர் கொடுத்தார். அதுவும் இதே வசந்தகாலம்தான். ஒவ்வொரு சித்திரை முடிந்ததும் அவரை நினைக்கிறோம். இந்த வருடம் அவரை நினைக்கிற நாளில் நம் மூட்டைகளில் போஞ்சிக் கொடி ஏறியிருக்கட்டும்.

முடிக்கிறோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பழைய கலண்டர் தாளைத் தேடுங்கள். எல்லோருடைய பெயரையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு கிழமை கோடு போடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். யாரையும் வெட்கப்படுத்த அல்ல, பகிர்ந்துகொள்ள. பத்திர டின்னையும் கொண்டுவந்தால், பெயர் பிழைகளை இங்கேயே உட்கார்ந்து பார்ப்போம்.

மலையில் நம் பேருக்காகப் போராடுகிறோம். வீட்டில் அம்மாவுக்கும், அக்காவுக்கும், தங்கச்சிக்கும் நாமே பேர் போடுவோம். அதற்குத் துரையிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.