பல்கலைக்கழகக் கல்விச் செலவும் அதைத் தாங்கும் தோள்களும்

(மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் படிப்பின் செலவு என்றவுடன் அனைவரும் நினைப்பது கல்விக் கட்டணத்தையே. ஆனால் குடும்பங்களின் கணக்கு அத்துடன் முடிவதில்லை. தேர்வுக் கட்டணம், நூல்கள், விடுதி வாடகை, உணவு, பயணம் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணத்தைவிட விடுதிச் செலவே மிகுதி. உழைக்கும் வயதுடைய ஒருவர் படிக்கச் செல்வதால் குடும்பம் இழக்கும் கூலி எந்தக் கணக்கேட்டிலும் இடம் பெறுவதில்லை. ஆயினும் ஏழைக் குடும்பத்திற்கு அதுவே பெருஞ்செலவு.

இந்தியாவில் 2021-22ஆம் ஆண்டில் உயர்கல்வி பயின்றோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வரையிலான வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது 28.4 விழுக்காடு. இதனை 2035க்குள் 50 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த இலக்கு. இனிப் புதிதாக வர வேண்டியவர்களுள் பெரும்பாலோர் சேமிப்போ அடகு வைக்க நிலமோ இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள். ஆகவே பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி இலக்கின் உயிர்நாடியாகிறது.

கொடையிலிருந்து உரிமைக்கு

தொடக்கத்தில் இச்சுமையைப் பகிர்ந்தோர் கொடையாளர்களும் சமஸ்தான மன்னர்களும் ஆவர். 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவிய அறநிதி, வெளிநாட்டில் உயர்கல்வி கற்போருக்குக் கடனாகவே உதவியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அந்நிதியின் துணையுடன் இலண்டன் சென்று பயின்றவர். 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால். மகாராஷ்டிரத்தில் 1919இல் ரயத் சிட்சண் சன்ஸ்தாவை நிறுவிய பாவுராவ் பாட்டீல், உழைத்துக்கொண்டே கற்கும் முறையை வளர்த்து, கிராமத்துப் பிள்ளைகள் தம் உழைப்பால் கல்விச் செலவை ஈட்ட வழி செய்தார்.

இத்தகைய முயற்சிகள் போற்றத்தக்கவை. எனினும் கொடையை எதிர்பார்த்து நிற்பவருக்கு உறுதி எதுவும் இல்லை. அந்த உறுதியை அளிக்கும் முதற்படியாக 1944இல் ஷெட்யூல்டு வகுப்பு மாணவர்களுக்கு, பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்பிற்கான உதவித்தொகை தொடங்கியது. பின்னர் பழங்குடியினருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கட்டணத்தோடு பராமரிப்புத் தொகையும் வழங்குவது இதன் சிறப்பு. தலைமுறைகளில் முதன்முறையாகக் கல்லூரிப் படியேறிய எண்ணற்றோருக்கு இத்திட்டமே ஊன்றுகோல்.

1963இல் மைய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. வட்டியில்லாத கடன் அது. நோக்கம் உயர்ந்ததாயினும் கொடுத்த கடன் திரும்பி வருவது மிகக் குறைவாயிருந்தது. பட்டம் பெற்றவர் வேலை தேடி வேற்று மாநிலம் சென்ற பின், அவரைத் தொடர்ந்து வசூலிக்கும் அமைப்பு வலுவாக இல்லை. கடன் கொடுப்பதைவிட, வருமானத்திற்கேற்பத் திரும்பப் பெறும் ஏற்பாடே கடினம் என்பதை இத்திட்டம் உணர்த்தியது.

சுமை இடம் மாறியது

1990களில் நிலைமை மாறியது. பல்கலைக்கழகங்கள் தம் தொடர்செலவில் 15 விழுக்காட்டைத் தாமே திரட்டவும், பத்தாண்டுகளில் அதனை 25 விழுக்காடாக உயர்த்தவும் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த புன்னையா குழு 1993இல் பரிந்துரைத்தது. சுயநிதிக் கல்லூரிகளும் பெருகின. நன்கொடை என்னும் பெயரில் பெருந்தொகை கேட்பதை உச்சநீதிமன்றம் 1992இல் கண்டித்தது. 2002இல் அதே நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட ஆயம், அரசு மானியம் பெறாத தனியார் நிறுவனங்கள் தம் கட்டணத்தை வகுத்துக்கொள்ளலாம், ஆனால் கொள்ளை இலாபம் கூடாது என்றது. 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி மாநிலங்களில் கட்டணக் குழுக்கள் தோன்றின.

இவற்றால் அரசின் தோளிலிருந்த சுமையின் ஒரு பகுதி குடும்பத்தின் தோளுக்கு வந்தது. குடும்பத்தால் தாங்க இயலாதபோது அது மாணவரின் எதிர்கால வருமானத்தின் மீது ஏறியது. அதற்கான கருவியே வங்கிக் கல்விக் கடன்.

கடனின் கணக்கு

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. ரூ. 4 இலட்சம் வரை சொத்துப் பிணை வேண்டியதில்லை. 2009-10 முதல், ஆண்டு வருமானம் ரூ. 4.5 இலட்சத்திற்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்படிப்புகளுக்குப் பெறும் கடனுக்கு, படிப்புக் காலத்திற்கும் அதனையடுத்த தவணை விடுப்புக் காலத்திற்கும் உரிய வட்டியை மைய அரசு ஏற்றது. 2015இல் ரூ. 7.5 இலட்சம் வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதி ஏற்பட்டது. 2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமித் திட்டம், ரூ. 8 இலட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, ரூ. 10 இலட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காட்டு வட்டி மானியம் அளிக்க வகை செய்தது.

வட்டி மானியத்தின் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு மாணவர் நான்காண்டுப் படிப்பிற்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ரூ. 1 இலட்சம் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிப்பு முடிந்தபின் ஓராண்டு தவணை விடுப்பு. ஐந்தாம் ஆண்டின் இறுதியில் தனிவட்டி மட்டும் ரூ. 1.40 இலட்சமாகிவிடும். அதனை அசலுடன் சேர்த்துப் பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,140. அவ்வட்டியை அரசு ஏற்றுக்கொண்டால் தவணை ரூ. 5,290 அளவில் நிற்கும். புதிதாக வேலையில் சேர்ந்து, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பும் இளைஞருக்கு மாதம் ரூ. 1,850 சிறு தொகையன்று. தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதச் சுமை ரூ. 5,800 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ ரூ. 1.88 இலட்சம் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

இங்கு ஓர் இடைவெளியையும் சுட்ட வேண்டும். 2009-10ஆம் ஆண்டின் ஏற்பாடு தொழிற்படிப்புகளுக்கு உரியது. 2024ஆம் ஆண்டின் திட்டம் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கு உரியது. தொடக்கத்தில் அவை 860. மாவட்டத் தலைநகரிலுள்ள சாதாரணக் கல்லூரியில் வரலாறோ பொருளியலோ பயிலும் ஏழை மாணவர் இவ்விரண்டிற்கும் நடுவே விடுபட்டுப் போகிறார். எண்ணிக்கையில் பெரும்பான்மையோர் பயில்வது இத்தகைய கல்லூரிகளிலேயே.

காலத்தே வரும் பணம்

தொகையின் அளவைப் போலவே அது வந்து சேரும் நாளும் முக்கியமானது. கட்டணம் கேட்கப்படுவது சேர்க்கை நாளில். உதவித்தொகை வருவதோ பல மாதங்கள் கழித்து. அந்த இடைவெளியில் தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது. அல்லது இடம் கைநழுவிப் போகிறது. 2024இல், நாட்டின் உயர்ந்த தொழில்நுட்பக் கழகம் ஒன்றில் இடம் பெற்ற கூலித் தொழிலாளியின் மகன் ரூ. 17,500ஐக் குறித்த நேரத்திற்குள் செலுத்த இயலாமல் இடத்தை இழந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் தலையிட்டு அவரைச் சேர்க்க ஆணையிட்டது. நீதிமன்றத்தின் கதவைத் தட்ட இயலாதோர் எத்தனை பேர் என்பதை அலுவலர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஷெட்யூல்டு வகுப்பினர் உதவித்தொகையில் 2021இல் செய்யப்பட்ட மாற்றம் இத்திசையில் ஒரு முன்னேற்றம். செலவில் 60 விழுக்காட்டை மைய அரசும் 40 விழுக்காட்டை மாநிலங்களும் ஏற்க, வடகிழக்கு மாநிலங்களுக்கு மையத்தின் பங்கு 90 விழுக்காடாயிற்று. தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே செல்லும். தகுதியுடைய மாணவர் முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான அட்டை வழங்கவும் விதிமுறைகள் இடம் தருகின்றன. விதி ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. சேர்க்கைப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தர் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

அலுவலர்கள் செய்யக்கூடியவை மூன்று. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் சேர்க்கைக்கு முன்பே கிடைக்கச் செய்தல்; உதவித்தொகைக்குத் தகுதியுடையோரிடம் முன்பணம் கேட்பதைத் தடுத்தல்; வங்கி மறுத்த விண்ணப்பங்களின் காரணத்தை எழுத்தில் பெற்று மேலிடத்தின் கவனத்திற்குக் கொண்டு செல்லுதல். மாணவர்களும் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல் உரிய திட்டங்களைத் தேடி அறிந்து, தவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே கடனில் கையெழுத்திடல் நன்று.

உயர்கல்வி பெற்றவரால் பயன் அடைவது அவர் குடும்பம் மட்டுமன்று. கிராமத்து மருத்துவமனைக்கு மருத்துவரும் பள்ளிக்கு ஆசிரியரும் அவ்வழியே கிடைக்கின்றனர். பயன் பொதுவாயின் சுமையும் பொதுவாதலே முறை. ஒவ்வொரு தோளும் தன் வலுவிற்கேற்பச் சுமந்தால், பணமின்மை காரணமாகத் திறமை வாயிற்படியிலேயே திரும்பிச் செல்லும் நிலை மறையும்.