தொட்டிக்குள் இறங்க வேண்டியது இயந்திரம்தான்



மயிலாப்பூரிலும் தி. நகரிலும் இன்று எத்தனையோ வீடுகளில் மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால், இயந்திரம் முதலில் வந்திருக்க வேண்டிய இடம் வேறு.

அடையாறைத் தாண்டி, பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். லாரிக் குழாய் மேலே நிற்கும் நீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிக் கிடக்கும் கசடு லேசில் வராது. அதைக் கிளறிவிடத்தான் ஒரு மனிதரை உள்ளே இறக்குகிறார்கள். அங்கே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். அப்படியே மயங்கி விழுவார். தூக்கிவிட இறங்குபவரும் விழுவார்.

இதே அடையாறு வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு இதற்கென்றே 'ஹோமோசெப்' என்ற கருவியை உருவாக்கியது. அதன் கத்திகள் தொட்டிக்குள் சுழன்று கசட்டைக் கரைக்கின்றன. கரைந்ததைக் கருவியே உறிஞ்சி வெளியேற்றுகிறது. ஆள் மேலேயே நிற்கலாம். 2022-இல் இது தமிழ்நாட்டில் களத்துக்கு வந்தபோது, துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு முதல் கருவிகள் சுய உதவிக் குழுக்களின் கைக்குப் போயின. இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் முன்நின்ற குழுக்கள் அவை. இயந்திரம் வந்தால் பிழைப்பு போய்விடும் என்கிறோமே, இங்கே இயந்திரமே அவர்கள் பிழைப்பானது. எனக்கு இந்தக் கருவியின் கத்திகளைவிட இந்த ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, வேலைக்கு அமர்த்திய அடுக்குமாடிச் சங்கமும் பதில் சொல்ல வேண்டிவரும். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

அடுத்த முறை லாரிக்குப் போன் செய்யும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், உள்ளே ஆள் இறங்குவாரா என்று கேளுங்கள். இறங்குவார் என்று சொன்னால், அந்த லாரி வேண்டாம்.