எந்திரம் யார் கையில்?

(சேரி இரவுப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கல்வியும் தொழில்நுட்பமும் சமத்துவமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் எனக்குத் தெரிந்த ஒரு குழியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதாளச் சாக்கடைக் குழி. எங்கப்பா அதுல இறங்கித்தான் என்னைப் படிக்க வச்சாரு.

அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனா குழி மூடியைத் திறந்ததும் உடனே இறங்க மாட்டாரு. கொஞ்ச நேரம் காத்தாட விடுவாரு. கரப்பான் பூச்சி உயிரோட வெளிய ஓடுதான்னு பாப்பாரு. "நாத்தம் அடிச்சா பயமில்லடா, அடிச்சிட்டிருந்த நாத்தம் சட்டுனு நின்னா அங்கதான் சாவு"ன்னு சொல்லுவாரு.

பிறகு நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். வேதியியல் பாடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வந்தது. அழுகிய முட்டை நாற்றம், காற்றைவிடக் கனம் என்று எழுதிப் போட்டார்கள். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அந்த வாயு அதிகமானால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டதென்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். எங்கப்பா சொன்னதும் அதுதான். ஒன்று புத்தகத்தில் இருந்தது, இன்னொன்று குழிக்குள் இருந்தது. இந்த ரெண்டு அறிவும் ஏன் சந்திக்கவே இல்லை? நடுவுல சாதி குந்தியிருக்கு தோழர்களே. குழிக்குள் இறங்குகிறவன் கண்டுபிடித்ததை அறிவு என்று இந்தச் சமூகம் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பறையில் இருக்கும் அறிவைக் குழி வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

1998-இல் எங்க சித்தப்பா ஒரு குழிக்குள்ள விழுந்தாரு. அவரைத் தூக்க இறங்கினவரும் மேல வரல. சாக்கடைச் சாவுகள் பல இப்படித்தான் ரெண்டு ரெண்டாக, மூன்று மூன்றாக நடக்கின்றன. வாயுவை அளக்கும் கருவி அன்றைக்கும் உலகத்தில் இருந்தது. அந்தக் குழி வாயிலில் மட்டும் இல்லை.

இந்த நாட்டுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயானை இறக்கிய நாடு இது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பை வரவேற்போம். ஆனால் இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை இருக்கிறது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்?

சட்டமும் இருக்கிறது. 1993-இல் வந்த சட்டம் உலர் கழிப்பிடத்தைப் பற்றித்தான் பேசியது. பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சொல்ல இன்னும் 20 ஆண்டு ஆனது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்புறமும் ஏன் இறக்குகிறார்கள்? கணக்கு எளிமையானது. வண்டி வாடகையைவிட நம்ம ஆள் கூலி குறைச்சல். உயிருக்கு விலை இல்லாத இடத்துக்கு எந்திரம் வராது.

காந்தியார் எந்திர நாகரிகத்தைச் சந்தேகித்தார். மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று போற்றினார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?' நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். குற்றம் எந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலரே அனுபவிக்கும்படி வைத்திருக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அதனால்தான் நான் எந்திரம் வந்தால் போதும் என்று சொல்லவில்லை. எங்க ஊர் நகராட்சிக்குக் கடைசியில் எந்திர வண்டி வந்தது. ஓட்டுநர் இருக்கையில் வேறு ஆள். எங்கப்பா கையில் குழாய். வண்டி போகாத சந்தில் பழையபடி "எறங்குடா" தான். எந்திரம் வந்தது, சாதி வண்டியேறி உட்கார்ந்துகொண்டது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2015-இல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் குழிக்குள் இறந்தார்கள். 2018-இல் கேரள இளம் பொறியாளர்கள் செய்த 'பண்டிகூட்' எந்திரம் திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறங்கியது. 2019-இல் தில்லியில் 200 எந்திர வண்டிகள் வந்தபோது, துப்புரவுத் தொழிலாளர்களையும் இறந்தவர் குடும்பங்களையும் வண்டிக்கு உரிமையாளராக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. உரிமை கைமாறுவதுதான் முக்கியம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அச்சு எந்திரம் அந்தக் காலத்துத் தொழில்நுட்பம். நம்மைப் பற்றி எவனோ எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2017-இல் திவ்யபாரதி கேமராவைத் தூக்கி 'கக்கூஸ்' படம் எடுத்ததும் இந்த வரிசையில்தான்.

கடைசியாக, பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். 1993-க்குப் பிறகு இறந்த எல்லாருக்கும் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. எங்க சித்தி காகிதத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. சித்தப்பா பேரு ஒப்பந்தக்காரன் பதிவேட்டுல இல்ல. எழுதத் தெரிந்தவன் எழுதவில்லை, செத்தவருக்கு எழுதத் தெரியாது. அதனால் நீங்கள் எழுதுங்கள். இந்தத் தெருவில் யார், எந்தத் தேதியில், யார் சொல்லி, எந்தக் குழிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2013 சட்டத்தின் 7-ஆம் பிரிவையும் 9-ஆம் பிரிவையும் உங்க அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் குழியைப் பற்றிச் சொல்வதையும் அதே நோட்டில் எழுதுங்கள், அது பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

நாளைக்கு யாராவது வந்து "எறங்குடா" என்றால், அந்த நோட்டோடு தெருவே போய் நிற்க வேண்டும். படித்து முடித்துச் சேரியை விட்டு ஓடுவதற்கா இந்தப் பள்ளி? இல்லை. நம்ம ஆள் குழியை விட்டு மேலே வருவதற்கு.

ஜெய்பீம்.