என் தங்கச்சி வக்கீல்



என் தங்கச்சி சட்டம் படிச்சு, பார் கவுன்சிலில் பதிவு செஞ்சு, தாலுகா கோர்ட்டுல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கா. சின்ன ஆபீஸ். சீனியர், ஒரு குமாஸ்தா, இவ. காலையில கேஸ் கட்டோட கோர்ட்டுக்குப் போய் வாய்தா கேட்கணும். சாயங்காலம் மனு எழுதிப் பழகணும்.

"வக்கீல்தானே, கை நிறைய வருமே"ன்னு ஊர்ல கேட்கிறாங்க. வர்றது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகுது. ஜூனியருக்கு மாசம் சென்னை, மதுரை, கோவையில 20,000 ரூபாயும், மத்த ஊர்ல 15,000 ரூபாயும் தரணும்னு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. இவ கைக்கு இன்னும் வரலை.

"வேலையை விட்டுட்டு கல்யாணத்தை முடி"ங்கிறாங்க சொந்தக்காரங்க. நான் சம்மதிக்கலை. தென்னை வச்ச வருஷமே காய் பறிக்க முடியுமா? குழுக்கடன்ல வாங்கின ஆட்டுல ரெண்டை வித்துத்தான் அவளுக்குக் கறுப்புக் கோட்டும் கவுனும் எடுத்தோம்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவுல மனு கொடுக்கலாம்னு அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உங்க வீட்டுப் பொண்ணு வக்கீலானா, முதல் ரெண்டு மூணு வருஷம் வீட்டுல சம்பளக் கணக்கு கேட்காம கை கொடுங்க.